தங்கையின் வலப்பக்கம்

தங்கைக்குப் பள்ளிச் சட்டையை நாங்கள் கடையில் வாங்கியதே இல்லை. சைதாப்பேட்டை வீட்டில் அம்மாவே தைப்பாள். வலப்பக்கம் இரண்டு விரல் குறுக்கி, உள்ளே நிறையத் துணி விட்டு மடித்திருப்பாள். அந்த மடிப்பைப் பிரிக்கும் நாளுக்காகவே நாங்கள் காத்திருந்த வருடங்கள் அவை.

பிறக்கும்போதே அவளுக்கு வலப்பக்க விலா எலும்புகள் சில ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கொஞ்சம் ஓடினாலே உதடு நீலம் பாரிக்கும். சளி பிடித்தால் ஆஸ்பத்திரிதான். நாலு வயதில் அடையாறில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார்: "நுரையீரல் வளர உள்ள இடமே இல்லம்மா. நெஞ்சுக்கூட்டை நாமதான் விரிக்கணும்." எலும்புகளைப் பிரித்து உலோகத் தண்டு ஒன்றைப் பொருத்தி, அவள் வளர வளர, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை நீட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆபரேஷன்.

ஆட்டோ ஓட்டும் அப்பா, "கொயந்த தாங்குமா சார்?" என்றார்.

"இப்படியே விட்டாதான் தாங்காது."

அம்மா சம்மதித்துத் தலையசைத்தாள்.

ஒருமுறை தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, தங்கை ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாள். "அக்கா, இன்னும் எத்தினி தபா?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. "தெர்லடி" என்றேன். "சரி, அடுத்த தபாவும் நீ கூட வரணும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். வீடு திரும்பியதும் அம்மா டேப்பால் அளந்து, மடிப்பை அரை விரல் பிரித்தாள்.

பதினாலு வயதில், "நெஞ்சு போதுமான அளவு விரிஞ்சிடுச்சு. இனிமே நீட்ட வேணாம்" என்றார் டாக்டர். அத்தனை வருடம் அழாத அம்மா அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

போன வருடம், கல்லூரியில் சேர்ந்த கையோடு, பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு நடந்தே போவதாகத் தங்கை கிளம்பினாள். "நேர்ந்துக்கினது நீதான்மா. ஆனா உனக்கு முட்டி வலி. நான் போறேன்." துணைக்கு நான் நடந்தேன். மனசு கேட்காமல் அப்பா ஆட்டோவில் பின்னாலேயே வந்தார். அடையாறு வந்ததும், "ஏறிக்கம்மா" என்று கெஞ்சினார்.

"நீ போய்க்கினே இரு நைனா!"

பெசன்ட் நகருக்குள் நுழைவதற்குள் என் கால் ஓய்ந்துவிட்டது. கடைசியில் ஆட்டோவில் ஏறியது நான்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அப்பா ஹாரன்கூட அடிக்காமல், கண்ணைத் துடைத்துத் துடைத்து, அவள் பின்னாலேயே ஓட்டினார்.