ஆவணிக்குக் காத்திருந்த ஜெனரேட்டர்

என் அக்கா புருஷன் திருநாவுக்கரசு எதையும் அவசரப்பட்டு வாங்குகிற ஆளில்லை. தென்கோளத்தில், ஆடியில் குளிர்காலம் வரும் எங்கள் ஊர் ரானுயியில் புயலுக்குக் கரண்ட் போனால் அக்காவின் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடுமே என்று மூன்று மாதம் ஜெனரேட்டர் தேடினார். சத்தம் போடக்கூடாது, மின்சாரம் சீராக வர வேண்டும், ஒரே ஆள் தூக்க முடிய வேண்டும். நல்லதாகத்தான் வாங்கினார். அது வீட்டுக்கு வந்தபோது ஆடி பிறந்திருந்தது.

"ஆடியில புதுசத் தொடக்கூடாது. ஆவணி ஒண்ணாம் தேதி பூஜை போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

"ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க அத்தான்," என்று கெஞ்சினேன்.

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

ஆடி இருபதாம் தேதி காலையில் புயல் அடித்துக் கரண்ட் போனது. கைவசம் இருந்த சிலிண்டர் ஒரு மணி நேரம்தான் தாங்கியது. அப்போதுதான் அத்தான் பெட்டியைப் பிரித்தார். கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தது, எஞ்சின் பிடிக்கவில்லை. புது எஞ்சினில் ஆயில் இருக்காது, நாம்தான் ஊற்ற வேண்டும். கூட வந்த தாளில் முதல் வரியே அதுதான். அவர் ஆயில் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அக்காவுக்கு மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் அதற்கும் பிறகு வந்தது.

சாயங்காலம் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அந்த ஜெனரேட்டரில்தான் விளக்கு எரிந்தது. யாரும் நாள் பார்க்கவில்லை.

அத்தான் என் பக்கம் குனிந்தார். "சத்தமே வரல, பாத்தியா?"