முந்திரித்தோப்பு வழியே ஒரு சங்கம்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் சிற்றூரின் பூங்காவில் ஓர் ஊஞ்சல் அறுந்து கிடந்தது. எந்த ஆபீஸில் கம்ப்ளெயின்ட் எழுதுவது என்று பக்கத்து வீட்டு ஹான்ஸிடம் கேட்டேன். அதைச் சரிசெய்யும் வேலைக்கு நான் வர முன்வருவதாக அவர் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை வரச்சொன்னார்; கையுறை தருவாராம். அங்கே எதற்கும் ஒரு ‘ஃபெரைன்’ உண்டு. லாபம் பார்க்காமல் ஊர்க்காரர்களே கூடி நடத்தும் சங்கம். நெய்வேலி நிலக்கரிக் கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு அது விளங்க நாளாயிற்று. எங்கள் பிளாக்கில் குழாய் ஒழுகினாலும் எழுதிப்போட்டால் கம்பெனி ஆள் வருவார். அப்பா ஓய்வுபெறும்வரை எங்கள் வீட்டில் சுத்தியல் கிடையாது.

இந்தத் தையில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா அங்கே பள்ளி ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிறாள். அவளை அழைத்துவரப் போனபோது பள்ளி வாசலில் சில பெண்கள் கம்பெனி கான்ட்ராக்ட் வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் டார்ச்சுடன் நின்றார்கள். டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் அவர்கள் காலனிக்கு முந்திரித்தோப்பு வழியாகத்தான் போக வேண்டும். இருட்டினால் பஸ் இல்லை. அதற்குப் பயந்தே பெண்பிள்ளைகளைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். போன ஆடியில் இவர்கள் ஒரு சங்கம் பதிவுசெய்து, ஷிப்ட் முடிந்ததும் முறைவைத்துப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகிறார்கள். அதன்பின் ஒருத்தியும் படிப்பை விட்டு நிற்கவில்லை என்றாள் அக்கா.

சங்கத் தலைவி அஞ்சலையிடம், இதற்கு ஓவர்டைம் சம்பளம், ஓ.டி. உண்டா என்று கேட்டுவிட்டேன்.

“ஓ.டி.யா? டவுன்ஷிப்காரரு கேக்கறத பாருங்கடி.” எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குமுன் சங்கீதா என்ற மாணவியின் தகப்பனார் மொபெட்டில் வந்து இறங்கினார். மகளை அழைத்துப்போக வந்தவர், நாளையிலிருந்து அவள் பள்ளிக்கு வரமாட்டாள் என்றார். சங்கீதா பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

“பொம்பளைங்க காவல்ல எம்பொண்ணு வூட்டுக்கு வந்துகினு இருந்தா, என்னை எவன் மதிப்பான்?”

அஞ்சலை கோபப்படவில்லை. “அப்ப நீயும் வா மாமா. முறைக்கு ஆளு கொறையுது.” பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “பையெல்லாம் மாமா வண்டியில வையுங்கடி.”

ஒவ்வொரு பையாக வண்டியில் ஏறியது. கடைசியாகச் சங்கீதா தன் பையை வைத்தாள். அவர் அதை எடுத்துக் கீழே வைப்பாரென்று நினைத்தேன். விழாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆணையும் அதிகாரமும் இல்லாமல் ஓர் ஊர் மாறுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். டவுன்ஷிப்பின் கடைசி விளக்குக் கம்பம் வரை அவர்களோடு நானும் அக்காவும் போனோம். “குவார்ட்டர்ஸ் இந்தப் பக்கம்டா” என்று அக்கா கையைப் பிடித்தாள். நின்றேன். விளக்கு எனக்குப் பின்னால் எரிந்தது. என் நிழல் மட்டும் அவர்களுக்குப் பின்னால் தோப்புச் சாலையில் கொஞ்ச தூரம் நீண்டு கிடந்தது.