இரண்டு தடவை இறக்கிய கியர்பாக்ஸ்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடிவிடும். புத்தி நிதானமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு பின்னால் வரும். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் புரிய நாற்பது வயதும் ஒரு பிக்கப் வண்டியும் தேவைப்பட்டன.

அப்போது பெருங்களத்தூரில் தண்ணீர் கேன் வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். அப்பா நெல் போட்ட இடத்தில் நாலு மாடி வீடுகள் வந்திருந்தன. அந்த வீடுகளுக்கே நான் மாடி ஏறிக் கேன் போட்டேன். இருந்தது ஒரே ஒரு வண்டி. ஒரு நாள் கேன் வரவில்லை என்றால் அடுக்குமாடிக்காரர்கள் இன்னொருவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவன் நம்பரும் ஃபிரிட்ஜ் கதவில் என் நம்பருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியது. கழுவிய தண்ணீர்தான் மிச்சம் வடிகிறது என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது இஞ்சின் கத்தியது, வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் வந்த பேருந்துக்காரர் ஹாரனிலேயே என்னைத் திட்டித் தீர்த்தார். முதல் கியரில் உருட்டி உருட்டி முடிச்சூர் ரோட்டில் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக்கை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஏழு வருடமாக என் வண்டியில் அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பின்னாடி ஆயில் சீல் போச்சுண்ணா. ஆயில் கிளட்ச்சுல ஏறிகினு கீது. அப்டியே ஓட்னா பிளேட்டு கருகிடும்."

இஞ்சினுக்குள் சுற்றும் தண்டு பின்பக்கமாக வெளியே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெயை அதுதான் வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாற்றுவது பெரிய காரியமில்லை. அதைத் தொடுவதற்கு முன்னால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச்சைக் கழற்ற வேண்டும், அதற்கும் பின்னால் இருக்கும் ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். ஒரு கம்மலைத் தேட வீட்டையே காலி செய்கிற மாதிரி வேலை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லோடு இல்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு வண்டி வேண்டும். அது ரம்ஜான் மாதம். "நோம்பு நேரத்துல உனக்குக் கஷ்டமாச்சே பாய்" என்று பேச்சுக்குச் சொன்னேன்.

"வவுறு தாண்ணா காலி. கை சும்மா தான கீது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நாளைக்கே பண்ணிடலாம். மத்தியானம் ஸ்கூல் வேன்காரர் வேற வராரு. ஒரு வேலை நடக்கும்போது அவர் பாத்தா நல்லது" என்றார்.

அந்த வேன்காரரைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். நாலு பள்ளி வேன்கள் வைத்திருந்தார். பழைய மெக்கானிக்கோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. நாலையும் பாயிடம் விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பாய்க்கு மழைக்காலத்தில் வேலையே வராது. இரண்டு மாதம் ஷெட்டைப் பாதி மூடிவைத்துவிட்டு யாரிடமாவது கூலிக்குப் போவார். நாலு வேன்கள் வந்தால் அந்தக் கூலிப் பிழைப்பு தேவைப்படாது. ஒரு வருடமாக அதற்காகக் காத்திருந்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியில் இருந்த கேன்களை இறக்கி ஷெட் ஓரமாக அடுக்கினேன். பாய் பானெட்டைத் திறந்தார். இஞ்சின் தலையில் ஒரு சின்ன ரப்பர் ஓஸ் இருக்கும். எந்த வண்டி வந்தாலும் அதை முதலில் கழற்றி வாயில் வைத்து ஒரு ஊது ஊதுவது அவர் வழக்கம். அன்றும் கை அதுவரை போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டார். நான் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பத்து மணிக்குள் கியர்பாக்ஸ் இறங்கியது. ஜாக்கியும் பலகையும் கொடுத்தும் கடைசி ஒரு சாண் அவர் மார்பில்தான் இறங்கியது. கிளட்ச் பிளேட் எண்ணெயில் நனைந்து பளபளத்தது. ஃப்ளைவீலையும் கழற்றிவிட்டுப் பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். நெம்பும்போது பேசக்கூடாது என்று கையைக் காட்டினார். தண்டில் ஒரு கீறல் விழுந்தால் எந்த சீல் போட்டாலும் நிற்காதாம். பழையது வெளியே வந்து விழுந்ததும் இருவரும் மூச்சு விட்டோம்.

புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்துத் தட்டினார். இங்கே ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. ஒரு பக்கம் கூட இறங்கினால் கோணலாகி ஒழுகும். அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இரண்டடி தள்ளி என் நாற்பது கேன் தண்ணீர் இருந்தது. எனக்குத் தாகமெடுத்தபோது தெருமுனைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தேன். அந்த அளவுக்கு நாகரிகம் எனக்கும் இருந்தது.

ஒன்றரை மணிக்கு எல்லாவற்றையும் ஏற்றி முடித்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு படப்பை வரை போய்த் திரும்பினேன். கிளட்ச் சுகமாகப் பிடித்தது. மனசு நிறைந்து ஷெட்டுக்குள் நிறுத்தினேன். வேன்காரர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி. பாய் அவருக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தான் நின்றுகொண்டிருந்தார்.

குனிந்து பார்த்தேன். இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு தொங்கியது. விழுந்தது. இன்னொன்று தொங்கியது.

எனக்குத் திங்கட்கிழமை காலை கண்ணில் தெரிந்தது. நாலு மாடி வீடுகள், காலி கேன்கள், ஃபிரிட்ஜ் கதவில் இன்னொருவன் நம்பர்.

"இன்னா பாய், டூப்ளிகேட் சீல மாட்டி என் தலையில கட்டிட்டியா?" என்றேன். பக்கத்து டீக்கடைவரை கேட்டிருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நோம்பு வச்சிகினு பண்ற வேலையா இது?"

பாய் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையில் இருந்த ஸ்பேனரை மட்டும் கீழே வைத்தார். வேன்காரர் எழுந்தார்.

"சரி பாய், நீங்க வேலையைப் பாருங்க. நாம அப்புறம் பேசலாம்" என்றார். பாய் அவர் பின்னால் வாசல்வரை போனார். அவர் திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அந்த 'அப்புறம்' வராது என்று பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையைச் சொல்வதானால் அப்போது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது. தப்பு செய்தவன் அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன்.

பாய் திரும்பி வந்து, "எறக்கிப் பாக்கலாண்ணா" என்றார். அவ்வளவுதான்.

அதே போல்டுகள், அதே பலகை, அதே மார்பு. காலையில் இரண்டரை மணி நேரம் எடுத்த வேலை, இப்போது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நான் திட்டவும் இல்லை, உதவவும் இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது.

"சீல்ல ஒண்ணும் இல்லியேண்ணா. சரியா தான் ஒக்காந்து கீது" என்று குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "மேல டிப்ஸ்டிக் எப்டி கீது பாருங்க" என்றார்.

எண்ணெய் அளவு பார்க்கும் அந்தக் கம்பி ஓர் அங்குலம் மேலே எழும்பி நின்றது. பூஜைக்குப் பிறகு தினமும் காலையில் அப்படித்தான் நின்றது. தினமும் அழுத்திவிட்டுப் போனேன். பாயிடம் சொல்லவில்லை.

"எகிறி கீது" என்றேன்.

"அப்ப உள்ள காத்து அடைக்குது. மேல அந்த பிரீதர் ஓஸ கயட்டி ஊதிப் பாருங்கண்ணா. காலைலயே நா ஊதியிருப்பேன். வாய்ல ஆயில் போச்சுன்னா நோம்பு முறிஞ்சிடும்னு வுட்டுட்டேன்."

அந்த ஓஸ்தான் இஞ்சின் மூச்சுவிடும் வழி. அது அடைத்தால் உள்ளே சேரும் காற்று எங்காவது இடித்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். எண்ணெயையும் சீல் வழியாகத் தள்ளும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது ஓஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். கன்னம்தான் உப்பியது, காற்று போகவில்லை.

ஓஸின் மறுமுனையில் விரல் விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. நகத்தால் இழுத்தேன். எண்ணெயில் ஊறிய துணி. ஓரத்தில் மஞ்சள் பூ தெரிந்தது. என் மனைவியின் பழைய நைட்டி.

பூஜைக்கு முந்தின நாளே வண்டியைக் கழுவியிருக்க வேண்டும். லோடு இருந்ததால் பூஜையன்று காலையில்தான் கழுவினேன். தண்ணீர் வியாபாரிக்குத் தண்ணீரில் கை தாராளம். இஞ்சினையும் விட்டுவைக்கவில்லை. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றியபோது இந்த ஓஸும் கழன்றது. உள்ளே தண்ணீர் போகக்கூடாதே என்று கையில் இருந்த துணியைத் திணித்தேன். ராகுகாலத்துக்கு முன்னால் பூஜையை முடிக்கணும் என்று மனைவி மூன்றாவது தடவை கூப்பிட்டாள். அவசரமாக மாட்டினேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன். துணியை மறந்துபோனேன்.

சுற்றிப் பார்த்தேன். ஷெட்டில் யாரும் இல்லை. பாயின் கால்கள் மட்டும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. துணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுபடி ஊதினேன். காற்று புஸ்ஸென்று போனது.

"போவுதாண்ணா?"

"போவுது பாய்."

அடியில் டார்ச் அணைந்தது. பிறகு வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை வீட்டில் பிடித்து, கடையைத் திறக்கவைத்து, இன்னொரு சீல் வாங்கிக்கொண்டு வந்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தார். தட்டும்போது நடுவில் இரண்டு தடவை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். காலையில் நிறுத்தவில்லை.

ஐந்தே முக்காலுக்கு இஞ்சினைக் கிளப்பினோம். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். சொட்டு இல்லை. டிப்ஸ்டிக் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"பரவால்ல பாய், மொதல்ல எங்கியோ கை தவறிடுச்சு. வுடு" என்றேன். நான் அவரை மன்னித்தேன். அந்த வார்த்தைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது கூசுகிறது.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பாய் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றினார். முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அவர் கண் என் சட்டையில் நின்றது. குனிந்து பார்த்தேன். பையில் இருந்த எண்ணெய் ஊறி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பரவியிருந்தது.

"அந்தத் துணிய குடுங்கண்ணா. கை தொடச்சிக்கறேன்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத தரம் ஊதுனப்ப சத்தமே வரல. ரெண்டாவது தரம் வந்துச்சு."

"தெரிஞ்சுமா வேற சீல் வாங்கினு வந்த?"

"நீங்க டூப்ளிகேட்டுன்னீங்க. அதே சீல மறுபடி ஏத்துனா உங்களுக்குத் தூக்கம் வருமா?"

கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தேன். அவமானம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன். துணியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக வேன்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அழுக்குத் துணியையும் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "இங்க வந்து சொன்னது பெரிய விஷயம் சார். ஆனா மத்தியானமே இன்னொருத்தருக்கு வார்த்தை குடுத்துட்டேன். இனி மாத்த முடியாது" என்றார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த வேன்கள் பாயிடம் வரவே இல்லை. அந்த மழைக்காலத்திலும் அவர் ஷெட்டைப் பாதி மூடிவிட்டுக் கூலிக்குப் போனார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த வருடமும் நோன்பும் ஆயுத பூஜையும் சேர்ந்தே வந்தன. பூஜைக்கு மறுநாள் பிரேக் பார்க்க வண்டியை விட்டேன். பிரேக்குக்கு பானெட்டைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. பாய் திறந்தார். ஓஸைக் கழற்றி, துடைத்து, என்னிடம் நீட்டினார். வாயில் வைத்து ஊதினேன்.

"போவுதாண்ணா?" என்றார்.

"போவுது பாய்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார்.