சாமுராயின் முன்கை நரம்பு

எனக்குச் சாமுராய்களைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வாள் இல்லை, வீரம் இல்லை, அந்த மண்ணாங்கட்டி எதுவும் இல்லை. முன்கை. சண்டைக்கு முன்னால் ஒரு கயிற்றை எடுத்து, நுனியைப் பல்லில் கடித்து, தொளதொளத்த சட்டைக்கைகளை முதுகுப் பக்கமாக இழுத்துக் கட்டுவார்கள். அப்போது கை முழங்கை வரை தெரியும். எனக்கு வேலை நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்துப் பாபடோயிட்டோயில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுப்பது. நாள் முழுவதும் பார்ப்பதே முன்கைகளைத்தான். ஆனபடியால் திரையில் ஒரு நல்ல நரம்பு ஓடினால் என்னால் சும்மா இருக்க முடியாது. "ஐயோ, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம்" என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டேன். நாற்பது தாண்டிய, ஞாயிறு பூசை தவறாத யாழ்ப்பாணத்துப் பெண் பேசுகிற பேச்சா அது?

சொன்ன இடம் அதே நகரத்தில், லின்ஃபீல்டில் ஒரு சமூக மண்டபம். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரங்களில் அங்கே பழைய ஜப்பானியப் படங்களை இலவசமாகப் போடுவார்கள். பூசை முடிந்து சேலையோடு நேரே அங்கே போய்விடுவேன். நான் வாய்விட்டதும் பக்கத்து நாற்காலியில் ஒருவர் சிரித்தார். தமிழ் விளங்கிவிட்டது, மானம் போயிற்று என்று திரும்பிப் பார்த்தால், அதற்கு முந்திய கிழமை நான் இரத்தம் எடுத்த மனிதர். ஊசியைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டவர். மதுரைக்காரர், கணினி வேலை, பிளாட் புஷ்ஷில் தனியாக இருக்கிறார். நரம்பு மட்டும் அருமையான நரம்பு.

திரையில் அடுத்த வெட்டு விழப்போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடிஞ்சதும் சொல்லுங்க," என்றார்.

"வாளுக்குப் பயமெண்டா என்னத்துக்கு இந்தப் படத்துக்கு வாறியள்?"

"மத்ததுக்குத்தாங்க. அவங்க உக்கார்றது, டீ குடிக்கிறது, பேசாம இருக்கிறது. எங்க வீட்ல எல்லாரும் கத்திக்கிட்டே இருப்பாங்க. இவங்களப் பாருங்க, மனசுக்குள்ள எவ்வளவு இருந்தாலும் ஒரு புருவம்கூட அசையாது."

அவருக்குக் கட்டுப்பாடு, எனக்கு முன்கை. இப்படித்தான் கூட்டுச் சேர்ந்தோம். ஒவ்வொரு வெட்டும் முடிந்ததும் நான் "ஓம், கண்ணைத் திறவுங்கோ" என்பேன். அவர் திறப்பார். தண்ணீர்க் குழாய் வெடித்ததுபோல் இரத்தம் பீறிடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் வரும். ஒரு உடம்பில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தவளிடமா இந்தப் புளுகு?

பிறகு ஒருநாள் அந்தப் படம் வந்தது. தலைவன் ஆணையிட்டபடி ஒரு சாமுராய் சண்டைக்குப் புறப்படுகிறான். திரும்பி வருவது சந்தேகம். அவன் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு விதவை, சட்டைக்கை கட்டும் கயிற்றைக் கொண்டுவருகிறாள். கையில் கொடுக்கவில்லை. பாயில் வைத்துவிட்டு விலகுகிறாள். அவன் எடுத்துக் கட்டிக்கொண்டு பனியில் நடக்கிறான். அவள் காகிதக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், கதவைத் திறக்கவேயில்லை. நாங்கள் இருவரும் அழுது தீர்த்தோம்.

"கடைசி வரைக்கும் கதவத் தெறக்கல பாத்தீங்களா, அதுதாங்க காதல்," என்றார் வெளியே வந்ததும்.

"ஓம், அதுதான்," என்று நானும் பெரிய ஞானி மாதிரித் தலையாட்டினேன்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அவர் தேநீர் வாங்கி வந்தால் கோப்பையை மேசையில் வைத்துக் கையை எடுப்பார். அதற்குப் பிறகுதான் நான் தொடுவேன். காரில் என்னை வீட்டில் கொண்டுவந்து விடுவார், வாசலில் நின்று இடுப்பை வளைத்து வணங்குவார். நானும் வளைவேன். உள்ளே வந்து கட்டிலில் விழுந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பெட்டை மாதிரிச் சிரிப்பேன். நான் தங்கியிருந்தது தங்கச்சி வீட்டில். அவள் ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு விசரே? அந்தாள் குனியுது, நீங்களும் குனியிறியள். ரெண்டு பேரும் முதுகு நோவெண்டு படுக்கப்போறியள்."

"உனக்கு விளங்காது. அது கட்டுப்பாடு."

"கட்டுப்பாடும் இல்லை, ஒண்டும் இல்லை. பயம்."

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பைக் கவனிக்கவில்லை. அன்று சோறு அடிப்பிடித்தது.

சில மாதங்கள் இப்படியே குனிந்து நிமிர்ந்தோம். ஒரு ஞாயிறு, வாசலில் வைத்து அவர் சொன்னார்: "வெலிங்டன்ல ஒரு வேலை கெடைச்சிருக்கு. மெடிக்கல் மட்டும் பாக்கி. அது முடிஞ்சா கையெழுத்துப் போட்டுட்டுப் போகவேண்டியதுதான்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். காத்திருந்தார். நான் ஒரு புருவத்தைக்கூட அசைக்கவில்லை. "நல்ல விசயம்," என்றேன். அவர் குனிந்தார். நான் குனிந்தேன். கார் போயிற்று.

கதவைச் சாத்திவிட்டு அதற்குப் பின்னாலேயே நின்றேன். அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்து விதவை மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அடி விசரி, அது காகிதக் கதவடி, ஒரு விரலால் குத்தினாலே ஓட்டை விழும், திறந்துகொண்டு ஓடாமல் என்னத்துக்கடி உட்கார்ந்திருந்தாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு அந்த மனிதர் வேண்டும். அவர் வெலிங்டனுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் விசயம்.

இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். "என்னட்டைச் சொல்லி என்ன பிரயோசனம்? அந்தாளோட கதையுங்கோ," என்றாள்.

கதைக்கத்தான் வாய் வரவில்லை. போனை எடுத்து எடுத்து வைத்தேன். அந்தக் கிழமை முடிவதற்குள் அவரே வந்தார், மெடிக்கலுக்கு இரத்தம் கொடுக்க. எத்தனையோ கூடங்கள் இருக்க, பிளாட் புஷ்ஷிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்கே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வேலை என்றால் வேலை. தெரியாத ஆளிடம் கேட்பதுபோல் பெயரும் பிறந்த தேதியும் கேட்டேன். அவரும் தெரியாத ஆளிடம் சொல்வதுபோல் சொன்னார். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டியைக் கட்டினேன். "கையைப் பொத்துங்கோ" என்றேன். பொத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நரம்பு எழுந்து வந்தது. நெஞ்சு என்ன அடி அடித்தாலும் ஊசி ஒரே குத்தில் நரம்பில் இறங்கியது. அந்தக் கட்டுப்பாடு மட்டும் எனக்கு உண்மையிலேயே உண்டு.

குழாய்கள் நிரம்பின. பட்டியை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்தேன். இந்த இடத்தில் எல்லோரிடமும் "நீங்களே அமத்திப் பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். எடுக்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"ஓம், கண்ணைத் திறவுங்கோ."

திறந்தார். பஞ்சைப் பார்த்தார். அதன் மேல் இருந்த என் பெருவிரலைப் பார்த்தார். மெதுவாக, "ரத்தம் நின்னுருச்சுங்க," என்றார்.

"ஓம், தெரியும்."

"அப்ப இன்னும் எவ்வளவு நேரங்க?"

"வெலிங்டனுக்குப் போகமாட்டன் எண்டு நீங்கள் சொல்லுமட்டும்."

அவருடைய இரண்டு புருவங்களும் நெற்றிக்கு ஏறின. வெளியே காத்திருந்தவர்களில் யாரோ பொறுமையிழந்து இருமினார்கள். கடைசியில் சொன்னார். ஆனால் உடனே சொல்லவில்லை. சொன்னால் நான் கையை எடுத்துவிடுவேன் என்று தெரியும், கள்ளனுக்கு.