என் தபால்பெட்டியில் ஏழு பெயர்கள்

2016 நவம்பர் முதல் வாரம், திங்கட்கிழமை. காலை 6.40க்குப் பாரிசில் கிரெனோபிள் ரயில் ஏறினேன். டிக்கெட் 68 யூரோ. பையில் ரூ காய் தமிழ்க் கடைத்தெருவில் வாங்கிய மிளகாய்த்தூள், இரண்டு கிலோ அரிசிமா, குகனுக்கு வந்த ஒரு கடிதம்.

அகதி விண்ணப்பம் நிராகரிப்பு, ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றது கடிதம். ஐந்து வாரங்களுக்கு முன் கையெழுத்து வைத்து அதை வாங்கியவன் நான். கலியாண அழைப்பிதழ்களுக்கு அடியில் போட்டு மறந்தவனும் நான். அது கையில் தட்டுப்பட்டதும் வக்கீலிடம் கேட்டேன். தேதி போனால் போனதுதான் என்றார்.

குகன் முதலில் பாரிசின் லா சப்பலில் என் அறையில்தான் இருந்தான். பிறகு அல்ப்ஸ் மலையில் ஒரு அகதி விடுதிக்கு அனுப்பினார்கள். அட்ரஸை மாற்றவா என்று கேட்டான். "மாத்தாதை, மலையிலை கடிதம் துலைஞ்சுபோம்" என்றேன். பெரிய புத்திசாலி நான்.

கிரெனோபிளிலிருந்து 10.30 பேருந்து. 62 கிலோமீற்றர், 6 யூரோ.

"பனிச்சறுக்குக்கா? இன்னும் பனி விழவில்லையே" என்று பிரெஞ்சில் கேட்டார் ஓட்டுநர். இல்லை என்றேன். "அப்படியானால் அங்கே என்ன இருக்கிறது?" சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். ஊசியிலைகள் மஞ்சளாகித் தார்ச்சாலையில் கொட்டிக் கிடந்தன.

12.10. முப்பது கல்வீடுகள், பூட்டிய ஹோட்டல், ஒரு தேவாலயம். படத்தில் அழகாக இருக்கும். நின்று பார்த்தால் குளிரில் காது வலிக்கும்.

இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு குகன் நின்றான். "அண்ணை, நாலு மாசமாச்சு வாய் நிறையத் தமிழ் கதைச்சு. போனிலை நீங்கள் கதைக்கிறதும் ஒரு கதையோ? ஓம், இல்லை, வைக்கட்டோ!"

தேவாலயச் சுவரில் மட்டும் வெயில் இருந்தது. அங்கே உட்கார்ந்து அவன் சமைத்த சோறு சாப்பிட்டோம். புல்வெளியில் மலையின் நிழல் எங்களை நோக்கி ஏறி வந்தது.

"இந்தக் கிழமையோடை சரி அண்ணை. இனி மாசி வரும் மட்டும் இஞ்சை வெயில் விழாது. அது திரும்பி வரேக்கை எனக்கு அகதிக் காட் வந்திடும்."

நான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். விரல் வைத்து மெதுவாக வாசித்தான்.

"எப்ப வந்தது?"

"அஞ்சு கிழமை."

"ஞாயிறு ஞாயிறு போனிலை கடிதம் வந்ததோ எண்டு கேட்டனான். இல்லை எண்டு சொன்னனீங்கள். பாத்திட்டோ சொன்னனீங்கள்?"

"இல்லை. பாக்காமல்தான்."

நிழல் எங்கள் கால்களைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. "என்னை ஏசடா" என்றேன். அவன் சோற்றுக் கோப்பைகளைக் கழுவப் போனான். திரும்பி வர அரை மணித்தியாலம் ஆனது.

3.05 பேருந்து. படியில் ஏறும்போது நான் கொண்டுவந்த மாவும் மிளகாய்த்தூளும் இருந்த பையை என் கையில் திணித்தான். "கொண்டுபோங்கோ அண்ணை. இஞ்சை எவ்வளவு நாளோ, ஆருக்குத் தெரியும்."

அந்த ஞாயிறு அவனிடமிருந்து போன் வரவில்லை.

லா சப்பலில் என் தபால்பெட்டியில் ஏழு பேருடைய பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. அட்ரஸ் இல்லாதவனுக்குத் தன் அட்ரஸைக் கொடுப்பது இங்கே வழக்கம். பெருமையாகக் கொடுத்தேன். மற்ற ஆறு பேருக்கும் போன் எடுத்து, அட்ரஸை மாற்றுங்கள், என்னை நம்பாதீர்கள் என்றேன்.

ஒருவன் சிரித்தான். "உங்களை நம்பாமல் ஆரை நம்புறது அண்ணை?"