பதினோரு நாள் தொழுகை இல்லை

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார். அவர் கடை வைத்து நாங்கள் குவைத்தில், ஃபஹாஹீலில் குடியேறிய இரண்டாம் வருஷத்திலிருந்து அவருக்கும் கோபம் வர ஆரம்பித்தது. அவருடைய கோபத்துக்குச் சிவந்தது என் கன்னம். முதல் அடி எதற்கு விழுந்தது என்று நினைவில்லை. இரண்டாவது அடி, முதல் அடியைப் பற்றி ஊருக்குப் போன் போட்டு உம்மாவிடம் சொன்னதற்காக விழுந்தது.

மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆபரேஷன். கடைசிப் பிள்ளையை எடுத்த டாக்டரம்மா கேரளத்துக்காரர். தையல் பிரிக்கப் போனபோது கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய தையல் இருந்த இடத்தில் கர்ப்பப்பை டிஷ்யூ பேப்பர் கனத்துக்கு இளைத்துப்போயிருக்கிறது என்றார்.

"இனி ஒண்ணு வந்தா கிழியும், மோளே. கிழிஞ்சா நீயும் இல்ல, குட்டியும் இல்ல."

நான் பிழைத்துக் கிடக்க வேண்டுமானால் இன்னொரு முறை உண்டாகக் கூடாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன விஷயத்துக்கு எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு நாய் குரைத்தது. கருத்தடை மாத்திரையை இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தின்று பார்த்தவள்தான் நான். இடது கால் வீங்கி, உள்ளே ரத்தம் கட்டி, வயிற்றில் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். மாத்திரை, ஊசி, கையில் வைக்கிற குச்சி என்று ஹார்மோன் கலந்த எதையும் இனிமேல் தொடக் கூடாது என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்துவிட்டார். கருக்குழாயைக் கட்டிவிடலாம் என்றார்கள், அதற்கு என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவில்லை. மிச்சம் இருந்தது ஆணுறை. அதை நான் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை, பிரியாணி பரிமாறும்போது.

"நா என்ன ரோட்டுப் பொம்பளகிட்டயா வர்றேன், உறைய மாட்டிக்கிட்டு வர?"

தட்டு பறந்து சுவரில் மோதிச் சிதறியது. ஒரு சில்லு என் கணுக்காலைக் கிழித்தது. சோற்றையும் ரத்தத்தையும் ஒரே துணியால் துடைத்தேன். அவர் இன்னொரு தட்டில் போட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

எங்கள் பிளாட்டில் இரண்டு குடும்பங்கள். அடுப்படி பொது. மறு அறையில் இருந்த அக்கா நாகர்கோவில்காரர், அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவர்தான் காப்பர்-டி பேச்சை எடுத்தார்.

"செம்புக் கம்பிதான், கேட்டியா. ஹார்மோன் ஒண்ணும் கெடையாது. ரத்தம் கட்டாது. பத்து வருசம் கர்ப்பப்பைக்குள்ள கெடக்கும்."

கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். உடம்புக்குள் கம்பி வைப்பதென்றால் சும்மா தலையாட்டுவேனா? குடைந்து குடைந்து கேட்டேன். டாக்டரம்மாவும் ஒளிக்காமல் சொன்னார். வைக்கும்போது கர்ப்பப்பையில் ஓட்டை விழலாம், ரொம்ப அபூர்வம். முதல் சில வாரங்களில் புண் பிடிக்கலாம், காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும். தானாக நழுவி விழலாம், அதனால் மாதம் ஒரு தடவை கம்பியின் நுனியில் தொங்குகிற நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வலி இருக்கும். மாதவிலக்கு அதிகம் போகும், கூடுதல் நாள் போகும், ஆறு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். எனக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு என்பதால் அதுதான் கவலை என்றார். ஓட்டையை நினைத்து நான் இரண்டு வாரம் தூங்கவில்லை. ரத்தப்போக்கைச் சட்டை பண்ணவேயில்லை. மூன்று பெற்றவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"வீட்டுக்காரருக்கு அறியுமோ?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அறியும்" என்றேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் தீட்டு என்று சொல்ல மாட்டார்கள். 'தொழுகை இல்லை' என்பார்கள். ஐந்து வேளையும் தொழுகிறவள் முசல்லாவை, அந்தத் தொழுகை விரிப்பை, மடித்து வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும். எனக்கு எப்போதும் ஆறு நாள். ஏழாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு நிற்பேன். என் சம்பளமில்லாத வேலைக்கு மாதம் ஆறு நாள் லீவு என்று அவரிடமே கேலி பேசியிருக்கிறேன். காப்பர்-டி வைத்த முதல் மாதம் அது ஒன்பது நாளானது. உடம்புச் சூடு என்று சமாளித்தேன். இரண்டாவது மாதம் ரமலானில் வந்து விழுந்தது.

ரமலானில் ஒளிக்க முடியாது. அந்த நாட்களில் நோன்பும் கிடையாது, பிடிக்கிறவளா இல்லையா என்று விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்போதே தெரிந்துவிடும். ஆறு நாள் ஓடியது, நிற்கவில்லை. துணி கனத்தது, படி ஏறினால் கண் இருட்டியது. ஏழாம் நாள் சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொன்னதும் அவர் கண்முன்னால் முசல்லாவை விரித்தேன். சுத்தமில்லாமல் தொழுகைக்கு நிற்பது எவ்வளவு பெரிய பாவம் என்று ஓதிப் படித்தவள்தான் நான். கை கட்டி நின்றேன். யா அல்லாஹ், நான் தொழவில்லை, குனிந்து நிமிர்கிறேன், அவ்வளவுதான், இதை எழுதிக்கொள்ளாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். உதட்டை மட்டும் அசைத்தேன். அப்படி இரண்டு நாள் ஏமாற்றினேன், அவரை.

ஒன்பதாம் நாள் மாலை, நெற்றி தரையில் பட்ட ஸஜ்தாவிலிருந்து எழுந்தபோது வெளிர்நிற முசல்லாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்கு அடிபட்டுவிட்டதென்று பதறி எழுந்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. பிறகு விரல் விட்டு எண்ணினார்.

"ஆறு நாள்ல குளிச்சிருவியே புள்ள. ஒம்பது நாளா என்ன ரத்தம் இது? இதோடயா தொழுதே?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நோயென்று அழுதிருக்கலாம். காது சிவந்துவிட்டது.

"காப்பர்-டி வச்சிருக்கேன் மச்சான். செத்துப்போவ எனக்கு இஷ்டமில்ல."

"யாரக் கேட்டு வச்சே?"

அவருக்கு நாலாவது பிள்ளைமேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. கேட்காமல் வைத்ததுதான் குற்றம். முதல் அறையில் காது அடைத்துக்கொண்டது. அடுத்தது குத்து, உதடு பல்லில் கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் இடித்தார். நோன்பு வாயால், உம்மா தொடங்கி என் குலத்தையே இழுத்துத் திட்டினார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்குகிறவரை கடித்தேன். அவர் கை தளர்ந்த நேரத்தில் அடுப்படிக்கு ஓடினேன்.

அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. என் மூத்த மகள், ஒன்பது வயது, பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அறையைக் குடைந்துவிட்டு அவர் பின்னால் வந்தார். அலமாரியில் நான் ஒளித்திருந்த காப்பர்-டி காகிதம் கையில் இருந்தது, படம் போட்ட காகிதம்.

"நூலு தொங்குமாமே. நானே இழுத்துப் போடுறேன். படுடி."

பிள்ளை முன்னால் சொன்னார். என் நைட்டியைப் பிடித்து இழுத்தார், தோள்பட்டையில் கிழிந்தது. குழிக்கரண்டி கைக்கு எட்டியது. அள்ளி அவர் கையில் ஊற்றினேன். ஒரு கரண்டி போதும், அவர் பிடி விட்டுவிட்டது. நான் இரண்டாவது கரண்டியும் ஊற்றினேன். கஞ்சி தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொள்ளும். அவர் மாடு மாதிரி கத்தினார். துடைக்கத் துடைக்கத் தோல் கூடவே வந்தது.

"கிட்ட வந்தா மூஞ்சியில ஊத்துவேன்" என்றேன். என் குரல் அவ்வளவு நிதானமாக இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அக்கா டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடி வந்தார். என் வீட்டுக்காரர் கையைக் குழாயடியில் பிடித்து வைத்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. "கேஸ் குடுக்கணும்னா நா வாறேன்" என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். என் விசா என் வீட்டுக்காரர் பேரில் இருந்தது, பிள்ளைகளின் விசாவும்தான். நான் கொடுக்கவில்லை. பெண்டாட்டி சுட்டாள் என்று சொல்ல வெட்கப்பட்டு அவரும் கொடுக்கவில்லை.

மறுநாள் என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனார், கம்பியை எடுக்க வேண்டுமென்று. டாக்டரம்மா என் வீங்கிய கண்ணைப் பார்த்தார், அவர் கைக்கட்டைப் பார்த்தார். ரத்தம் சோதித்துவிட்டு முகம் சுளித்தார். இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அந்த நாட்களில் போக்கைக் குறைக்கிற மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் ரத்தம் கட்டின உன் காலுக்கு அது ஆகாது, வேறு தருகிறேன் என்றார். ஆண்களுக்கும் ஆபரேஷன் உண்டு, சின்னதுதான் என்று அவரைப் பார்த்துச் சொன்னார். அவர் எழுந்து நாற்காலியை உதைத்தார்.

டாக்டரம்மா அசையாமல் என்னைக் கேட்டார். "உடம்பு உன்டேது. நீ பறயு. எடுக்கணோ?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"வேணாம் டாக்டர். இருக்கட்டும்."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்து வருஷம் பேசி, அழுது, காலைப் பிடித்துக் கிடைக்காததை இரண்டு கரண்டிக் கஞ்சி வாங்கித் தந்துவிட்டது. அந்த ரமலானில் மொத்தம் பதினோரு நாள் எனக்குத் தொழுகை இல்லை. மறைக்காமல் பகலில் சாப்பிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னை அடிக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் போக்கு ஏழு நாளுக்கு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. நூல் இருக்கிறதா என்று மாதாமாதம் தொட்டுப் பார்ப்பேன், இருக்கும். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, ரமலானில் விட்ட நோன்பைப் பிடித்துக்கொண்டு ஹாலில் படுத்திருந்தேன். அடுப்படியில் பிள்ளைகளின் சண்டைச் சத்தம். வழக்கமான சண்டைதான் என்று விட்டுவிட்டேன். பிறகு சத்தம் திடீரென்று நின்றுபோனதால் எழுந்து போனேன். ஆறு வயது மகன் ஃப்ரிட்ஜோடு ஒட்டிக்கொண்டு நின்றான். மூத்தவள் கையில் கெட்டில், ஆவி பறந்தது. அவளுடைய டேப்லெட்டை அவன் பிடுங்கியிருக்கிறான். அவள் கத்தவில்லை. கிட்ட வந்தால் முகத்தில் ஊற்றுவேன் என்று இங்கிலீஷில், நிதானமாகச் சொன்னாள்.

கெட்டிலைப் பிடுங்கிச் சிங்க்கில் எறிந்தேன். திரும்பி அவள் கன்னத்தில் அறைந்தேன், அப்புறம் இன்னொன்று, உதட்டில் ரத்தம் வந்தது. அவள் அழாமல் என்னையே பார்த்தாள். அவர் எவ்வளவு கெட்டவரானாலும் பிள்ளைகள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. அந்த வீட்டில் பிள்ளையை முதலில் அடித்தது நான்தான்.