சாப்பாட்டு நேரத்து ஸ்கேன்

எங்கள் ஸ்கேன் பிரிவில் ஒரு மணி என்றால் சாப்பாடு. அதில் பேச்சுக்கே இடம் கிடையாது. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் நடுத்தரமான ஆஸ்பத்திரி எங்களுடையது. எம்.ஆர்.ஐ. மெஷின் ஒன்றே ஒன்று. டெக்னீஷியன்கள் நாலு பேர், அதில் நான்தான் மூத்தவன். ஒரு மணி ஆனதும் மெஷின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நாலு பேரும் பின்பக்க அறையில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். என் வீட்டு மீன் குழம்பு எல்லார் தட்டுக்கும் போகும், எல்லார் வீட்டுக் கூட்டும் பொரியலும் என் தட்டுக்கு வரும். வருஷக்கணக்காக அப்படித்தான். வெளியே இரும்பு பெஞ்சில் ஜனம் காத்திருக்கும். காத்திருக்கட்டுமே, நாங்களும் மனுஷங்கதானே என்பேன்.

அந்தச் சாப்பாட்டு வேளையில் கை வைத்தவர் எங்கள் இன்சார்ஜ் மேடம். இன்றைக்கு அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், நான் நிறுத்தாமல் பேசுவேன். வந்த புதிதில் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

பல்லாவரத்துக்காரர். அப்பா தோல் வியாபாரம். என்னைவிடப் பத்து வயது சிறியவர், தலையில் எப்போதும் வெளிர்நிற முக்காடு, குரலை உயர்த்தியே பேசத் தெரியாது. அவர் பொறுப்பேற்ற நேரத்தில் எங்களிடம் ஸ்கேனுக்குத் தேதி கேட்டால் மூன்று வாரம் தள்ளித்தான் கிடைக்கும். இரண்டாவது மெஷின் வேண்டும் என்று நான் ஒரு மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். அதை அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். நிதானமாகப் படித்தார்.

"நியாயமான மனுதான் அண்ணா, நானும் கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி, இருக்கிற மெஷின் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சும்மா இருக்குன்னு பார்த்துடலாமா?"

சும்மா இருக்கிறதா! எனக்கு வந்ததே கோபம். காலையிலிருந்து நின்ற கால் நின்றபடி உழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? மறுநாள் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து நடையில் போட்டுக்கொண்டு, ஒரு லாங் சைஸ் நோட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம். யார் உள்ளே போனார்கள், எப்போது போனார்கள், எதற்காகத் தாமதம், எல்லாவற்றையும் எழுதினார். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது எனக்கு.

வாரக் கடைசியில் நோட்டைத் திருப்பிக் காட்டினார். மெஷின் படம் எடுத்த நேரமும் வெறுமனே கிடந்த நேரமும் கிட்டத்தட்டச் சரிபாதி. எனக்கு நம்ப முடியவில்லை, நானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மெஷின் வாசலில் வந்து நின்ற பிறகுதான் ஒவ்வொருவரும் தயாராகிறார்கள் என்பதே விஷயம். வளையல் கழற்ற ஐந்து நிமிஷம், கொண்டுவராத ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேட அரைமணி நேரம். எல்லாவற்றுக்கும் மேலே தாலி. அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். உள்ளே உலோகம் எதுவும் போகக் கூடாது. "அவரு உசுரோட இருக்கறப்ப எப்படிங்க கழட்டறது?" என்று ஒரு அம்மா அழுவார், நான் கத்துவேன், பின்னால் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இதற்கு நடுவே, "உடம்புல ஆபரேஷன் ஆயிருக்கா? ஊக்கு கீக்கு இருக்கா?" என்று நடை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பதும் நான்தான்.

மேடம் புதிதாக ஒன்றும் வாங்கச் சொல்லவில்லை. பழைய படுக்கை விரிப்புகள் கிடந்த ஒரு சின்ன அறையை ஒழித்தார். அதில் ஒரு ஸ்டூல், ஒரு பூட்டு அலமாரி, உள்ளே தாழ்ப்பாள். வார்டில் ஆயாவாக இருந்த ஒரு அக்காவை அந்த அறைக்குக் கேட்டார். மாடம்பாக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், யாரிடமும் பேசி விஷயத்தை வாங்கிவிடக்கூடிய வாய். ஆயாவுக்கு என்ன தெரியும் என்று நிர்வாகம் இழுத்தது, நானும் சேர்ந்து இழுத்தேன். மேடம் விடவில்லை. ஒரு மாதம் கூடவே உட்கார்த்தி வைத்துப் பழக்கினார். முதுகெலும்பு டாக்டரைக் கூட்டிவந்து, ஒவ்வொரு நோயாளியிடமும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி வாங்கினார்.

தாலிக்கு வழி சொன்னது அந்த அக்காதான். "அறுந்து போனா இன்னா பண்றோம் மேடம்? மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத் துண்டக் கட்டிக்கினு சும்மா இருக்கோம்ல? அத்தக் கட்டி உட்டா போச்சு. மஞ்சள எந்த மெஷினு இன்னா பண்ணப் போவுது?"

மேடம் சிரித்துவிட்டார். "எங்க ஆளுங்க கருகமணிக்கும் ஒரு வழி சொல்லுங்க அக்கா" என்றார். கல்யாணமான முஸ்லிம் பெண்களுக்காக, கறுப்பு நூலில் வெறும் கண்ணாடி மணி கோத்த சரமும் அலமாரியில் தயாராக வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் எங்கள் வாசலில் அழுகையே கேட்கவில்லை. எத்தனை வருஷம் கத்தினேன், எனக்கு இது தோன்றவே இல்லையே என்று உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

படத்தைப் பார்த்து முடிவு எழுதும் டாக்டர் கோவிலம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் கிளையில்தான் உட்காருவார். முன்பெல்லாம் படத்தை சி.டி.யில் போட்டு, பைக்கில் ஒருவர் மேடவாக்கம் டிராபிக்கில் ஊர்ந்து போய்க் கொடுத்துவிட்டு வருவார். மேடம் கம்ப்யூட்டர்காரர்களைப் பிடித்து, எடுக்க எடுக்கப் படம் அங்கே அவர் திரையில் தெரியும்படி செய்தார். மூன்று வாரம் தள்ளிக் கொடுத்த தேதி, நாலைந்து நாளில் கிடைக்க ஆரம்பித்தது. இதெல்லாம் எனக்குச் சம்மதம்தான். அப்புறம்தான் சாப்பாட்டுக்கு வந்தார்.

இனிமேல் இரண்டு இரண்டு பேராகச் சாப்பிட வேண்டும். மெஷின் ஓட இரண்டு பேர் வேண்டும் என்பதால், ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை இரண்டு பேர் மெஷினோடு. அந்த ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் தேதி கொடுக்கக் கூடாது. அவசரமாக வருகிறவர்களுக்காகக் காலியாகவே வைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "சாப்பாட்டையும் பிரிச்சுட்டு, யாருக்கும் தேதியும் கொடுக்காம, மெஷினைத் திறந்து வெச்சுகிட்டு ஈ ஓட்டணுமா மேடம்?"

"ஈ ஓட்டற நாள் நல்ல நாள் அண்ணா" என்றார், சிரிக்காமல்.

இரண்டு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எது கேட்டாலும் 'ம்', அவ்வளவுதான். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

எங்கள் வீடு பம்மலில். மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள், நாள் முழுக்கக் குனிந்தபடி. முதுகு வலி என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரிடம் காட்டக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோவை நோக்கி நடக்கும்போது அவள் வலது காலில் செருப்பு இல்லை. நாலடி பின்னால் தனியாகக் கிடந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. "செருப்பு கழண்டதுகூடத் தெரியாமலா நடப்ப? எங்க கீது உன் புத்தி?" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவள் சிரித்து மழுப்பினாள். வருஷக்கணக்காக முதுகெலும்புப் படம் எடுத்தவன் நான். கால் மரத்துப் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

டாக்டர் அறையில் அவரைச் சுற்றி நாலைந்து பேர். "யூரின் எல்லாம் சரியாப் போகுதாம்மா?" என்றார். "போகுதுங்க" என்றாள். செருப்பு விஷயத்தை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். அன்றைய பட்டியல் நிறைந்திருந்தது. நானே இங்கே வேலை செய்கிறவன், சாயங்காலம் நடுவில் நுழைத்துவிடலாமா என்று மேடத்திடம் போய் நின்றேன். இரண்டு வாரத்துக்கு அப்புறம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நாளைக்குக் காலைல முதல் ஆளாப் போட்டுடறேன் அண்ணா. வந்ததுக்கு அக்காகிட்ட உட்கார்ந்து எல்லாம் சொல்லிட்டுப் போகட்டும்."

மனைவி அந்தச் சின்ன அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பத்து நிமிஷம் இருக்கும். கதவைத் திறந்துகொண்டு வந்த அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, என்னைத் தாண்டி நேரே மேடத்திடம் போனார்.

"மேடம், நேத்து சாயங்காலத்துலேந்து இந்தம்மா ஒண்ணுக்கே போவல. அடிவயிறு கல்லாட்டம் கீது. ஆனா போவணும்னு தோணவே இல்லியாம். குந்தற எடம் மரத்துப் போச்சாம். காலுல செருப்பு கழண்டதுகூடத் தெர்லியாம்."

மேடம் உடனே முதுகெலும்பு டாக்டருக்கு போன் போட்டார். இரண்டே வாக்கியம் பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்பவே அண்ணா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி, கீழே போகிற நரம்புக் கொத்தை மொத்தமாக நசுக்கிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை வரைக்கும் விட்டால், அவள் மறுபடி நடப்பாளா, தானாகச் சிறுநீர் கழிப்பாளா என்பதே சந்தேகம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காலம் தாழ்த்தி வந்தவர்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், அதற்கப்புறம் அவர்களைச் சக்கர நாற்காலியில் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தில் ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

வீல் சேரைப் பிடித்து மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு ஓடினேன். அக்கா குறுக்கே வந்து இரண்டு கையாலும் நிறுத்தினார்.

"நில்லு சார்! துணி மாத்தல, ஊக்கு எடுக்கல. கட்ன பொடவயோட இட்டுகினு போறியே, ஊரையே திட்டற ஆளு நீ!"

புடவைத் தோளில் இரண்டு ஊக்கு, ரவிக்கையில் ஒன்று, தாலிச் சங்கிலியில் மூன்று. அவ்வளவையும் எடுத்து, உடை மாற்றி, மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, தாலியை என் உள்ளங்கையில் வைத்தார். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "பத்திரமா வெச்சிருங்க. நான் நடந்து வந்து வாங்கிக்கறேன்" என்றாள். தாலியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நீங்க வெளிய உட்காருங்க அண்ணா" என்றார் மேடம். அன்றைக்கு அந்த வேளைக்குரிய இரண்டு டெக்னீஷியன்கள் மெஷினோடு நின்றார்கள். நான் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். அது அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பின்பக்க அறையில் யாரோ டிபன் பாக்ஸ் திறந்தார்கள், குழம்பு வாசனை நடை வரைக்கும் வந்தது. எத்தனை ஆயிரம் பேர் இந்த வாசனையை முகர்ந்துகொண்டு இங்கே உட்கார்ந்திருப்பார்கள்! ஈ ஓட்டணுமா என்று நான் எகிறிக் கேட்ட அதே மணியில், சாத்தியிருந்திருக்க வேண்டிய அதே கதவுக்குப் பின்னால், என் மனைவி படுத்திருந்தாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

படம் முடிவதற்குள்ளேயே கோவிலம்பாக்கத்து டாக்டர் தன் திரையில் பார்த்துவிட்டார். முதுகெலும்பு டாக்டர் எங்கள் திரை முன்னால் நின்றபடி போனில் அவரோடு பேசினார். மூன்று மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் வெளியே வந்த டாக்டர், "நேரத்துக்குச் செஞ்சுட்டோம். மிச்சத்தை நரம்புதான் சொல்லணும், பொறுத்துப் பார்ப்போம்" என்றார்.

பொறுத்தேன். மேடம் எதுவும் சொல்லிக்காட்டவில்லை. மறுநாள் போய், "மேடம், அன்னிக்கு மீட்டிங்ல நான்..." என்று ஆரம்பித்தேன். "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டு அதோடு முடித்துவிட்டார். அந்த மனுஷியை எப்படிப் பாராட்டாமல் இருப்பது, சொல்லுங்கள். இரண்டாவது மெஷினுக்கான மனுவில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. மெஷின் இன்னும் வரவில்லை. நாங்கள் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

இரண்டாம் நாள் கட்டை விரல் அசைந்தது. நாலாம் நாள் சிறுநீருக்குப் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள், தானாகவே போனது. நர்ஸ் அதைச் சொன்னபோது நான் வார்டு நடுவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். தாலி என் சட்டைப் பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதுவும் மாறியது.

எட்டாம் நாள், ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மெஷின் அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். நடையின் அந்தக் கோடியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் மனைவி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நர்ஸ், கை மட்டும் முதுகுக்குப் பின்னால், தொடாமல். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். "கிட்ட வராதீங்க, நான்தான் வரேன்னு சொன்னேன்ல?" என்று அதட்டினாள். அத்தனை தூரமும் தானே நடந்து வந்து, அந்தச் சின்ன அறையின் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"அத்த இன்னாத்துக்குக் கைல குடுக்கற? நீயே போட்டு உடு சார்" என்றார் அக்கா. மேடம் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கி மாட்டவே இல்லை. ஒரு தடவை, இரண்டு தடவை. மனைவி குனிந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தாள்.

"சீக்கிரம் சார்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரு மணிக்கு அவசர கேஸு ஒண்ணு, வெளிய காத்துகினு கீது."